சுருக்கம் விழாத கூடாரங்கள்

மூத்த சாரணியர் மன்றத்தில் கண்ணாடிக்காரி சேர்ந்ததற்கு ஒரு படம்தான் காரணம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவளுடைய நாத்தனார் வந்து சாப்பாட்டு மேசைமேல் ஒரு வண்ணத் துண்டறிக்கையை வைத்தாள். அதில் தலை நரைத்த பெண்கள் சிலர், முதுகில் பையும் கையில் தடியுமாக மலையுச்சியில் நின்று வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியின் கழுத்துத் துணி காற்றில் பறந்து பக்கத்தில் நின்றவளின் முகத்தை மூடியிருந்தது. சிரிப்பு அதற்குத்தான்.

கண்ணாடிக்காரி அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தாள். கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் அவளுக்கு வேலை. இருட்டறை. வருகிறவர்களை உட்கார வைத்து, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா, முன்னே போட்டது தெளிவா என்று கேட்டுக் கேட்டே வயது ஏறிவிட்டது. மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். கணவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற மறுநாள் தொலைக்காட்சிக்கு எதிரே உட்கார்ந்தவர், இன்னும் எழுந்திருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அவளும் ஒரு வருடம் சாரணியர் படையில் இருந்தவள்தான். சீருடை சிறிதாகிப் போனதும் வீட்டில் புதிது தைத்துத் தரவில்லை. அத்தோடு நின்றுபோயிற்று.

"அண்ணி, வீட்டுக்கும் கடைக்கும் நடந்தே தேஞ்சு போயிட்டீங்க," என்றாள் நாத்தனார். "எங்க மன்றத்துல சேருங்க. மலை ஏறலாம், படகு விடலாம், கூடாரத்துல தூங்கலாம். எல்லாரும் நம்ம வயசுப் பொம்பளைங்கதான்."

நாத்தனார் மன்றத்தின் செயலாளர். படத்தில் இருந்தவர்களில் ஒருவர்கூட மன்றத்து ஆள் இல்லை, அச்சகத்துக்காரர் எங்கிருந்தோ எடுத்துப் போட்டது என்பது கண்ணாடிக்காரிக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. அதற்குள் சீருடைக்கு அளவு கொடுத்தாயிற்று.

முதல் சில மாதங்கள் வணக்கம் செலுத்தப் பழகுவதிலேயே போயின. மூன்று விரல்களை நெற்றியோரம் வைக்கும்போது விரல்களுக்கு இடையில் வெளிச்சம் தெரியக்கூடாது. தெரிகிறதா என்று மன்றத்தின் தலைவியான ஆணையர் அம்மாவே ஒவ்வொருத்தர் அருகிலும் வந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். ஊரின் பெரிய கலையரங்கம் அவர் கணவருடையது. கூட்டங்கள் அங்கேதான் நடக்கும். கழுத்தில் ஒரு வெள்ளி ஊதல் எப்போதும் தொங்கும். வீட்டிலும் அதைக் கழற்றுவதில்லை என்றும், ஒரு தரம் ஊதினால் கணவர் மேல்மாடியிலிருந்து இறங்கி வருவார் என்றும், இரண்டு தரம் ஊதினால் தேநீரோடு இறங்கி வருவார் என்றும் உறுப்பினர்கள் பேசிக்கொண்டார்கள்.

வணக்கம் நேரானதும் நடைப்பயணம் அறிவிக்கப்பட்டது. கண்ணாடிக்காரி புதுச் செருப்பு வாங்கி, வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து பழக்கினாள். குறித்த நாளில் எல்லாரும் காட்டுப்பாதை தொடங்கும் இடத்தில் கூடினார்கள். கொடி ஏற்றினார்கள். உறுதிமொழி சொன்னார்கள். சிறப்பு விருந்தினருக்காகக் காத்திருந்தார்கள். அவர் வந்து, நடப்பது உடம்புக்கு நல்லது என்று நீண்ட நேரம் பேசினார். பிறகு எல்லாரும் பாதையைப் பார்த்து நின்று ஒரு படம். திரும்பி நின்று, போய்விட்டு வந்த களைப்போடு இன்னொரு படம். களைப்பு போதவில்லை என்று ஆணையர் அம்மா சொல்ல, நாத்தனார் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து எல்லார் நெற்றியிலும் தெளித்தாள். அப்புறம் தேநீர், பிஸ்கட். அப்புறம் நடைப்பயணச் சின்னம் வழங்கும் நிகழ்ச்சி.

சின்னத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எப்போது நடக்கப் போகிறோம் என்று கண்ணாடிக்காரி கேட்டாள். புதியவள் என்பதால் ஆணையர் அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. பொறுமையாகவே விளக்கினார்.

"நடக்கிறது என்னம்மா பெரிய விஷயம்? தெருவுல ஆடு மாடு கூடத்தான் நடக்குது. நாம நடைப்பயணத்தைத் தொடங்கி வைக்கிறோம். தொடங்கி வைக்கிறதுக்கு ஒரு தகுதி வேணும். அது எல்லாருக்கும் வந்துடாது."

கண்ணாடிக்காரிக்குப் பக்கத்தில் நின்றிருந்த பருமனான பெண் குனிந்து, அவள் காதில் மட்டும் விழுகிற மாதிரி, "டிக்கெட் கிழிச்சுக் குடுத்தாச்சு. வண்டிதான் கெளம்பல," என்றாள்.

கண்டக்டரக்காவை அவள் அறிந்துகொண்டது அப்படித்தான். பேருந்தில் நடத்துனராக இருந்து ஓய்வுபெற்றவள். மன்றத்தில் முக்கால்வாசிப் பேர் வீட்டுப் பெயரைச் சொல்லித் தங்களை அறிமுகம் செய்துகொள்ள, அவள் மட்டும் வழித்தடத்தைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்வாள். மலைப்பாதை வண்டி. வேலை பார்த்த காலமெல்லாம் மலைக்கு மேலே போய்ப் போய் வந்தவள். மேலே போனதும் வண்டியைத் திருப்பி நிறுத்துவார்கள்; அடுத்த கூட்டம் ஏறும்; கீழே வந்துவிட வேண்டும். அங்கே ஒரு புல்வெளியில் யாராவது கூடாரம் போட்டுத் தங்கியிருப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போவாளாம். காலையில் வண்டியின் முதல் நடையின்போது கூடாரத்து வாசலில் உட்கார்ந்து பல் விளக்கிக்கொண்டிருப்பார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் பொறாமை பொத்துக்கொண்டு வரும் என்றாள்.

"வீடு வாசல் இருந்தும் வெட்டவெளில படுக்கிறாங்களே, அது என்ன சொகம்னு ஒரே ஒரு ராத்திரி பார்த்துடணும். அதுக்குத்தான் இந்தக் கழுத்துத் துணியக் கட்டிக்கிட்டு நிக்கிறேன்," என்றாள்.

அடுத்தது படகுப் பயணம். ஏரிக்கரையில் கட்டியிருந்த படகில் எல்லாரும் ஏறி, துடுப்பைத் தூக்கிப் பிடித்தார்கள். படகோட்டி கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார். ஆணையர் அம்மா ஊதலை ஊதினார். ஏன் அவிழ்க்கிறீர்கள், படத்தில் கயிறு தெரியாது என்றார். படகோட்டி கொஞ்ச நேரம் அவரையே பார்த்துவிட்டு, கரையில் போய் உட்கார்ந்து பீடி பற்ற வைத்துக்கொண்டார். படகு இருந்த இடத்திலேயே ஆடியதில் இரண்டு பேருக்குத் தலைசுற்றி வாந்தி வந்தது. அது ஆண்டறிக்கையில் 'அலைகளோடு போராடினோம்' என்று வந்தது.

குளிர் மாதத்தில் தீமூட்டும் விழா. வெளியே பனி என்பதால் கலையரங்கத்துக்குள்ளேயே வைத்தார்கள். விறகை அடுக்கி, நடுவில் சிவப்பு விளக்கு எரியவிட்டு, மெல்லிய காகிதத்தைத் தீ நாக்குகளாக வெட்டி ஒட்டி, அடியில் ஒரு மின்விசிறியை மல்லாத்தி வைத்திருந்தார்கள். காகிதம் படபடத்தது. எல்லாரும் சுற்றி உட்கார்ந்து பாடினார்கள். கண்டக்டரக்கா இரண்டு உள்ளங்கையையும் நீட்டிக் காகிதத்தில் குளிர் காய்ந்தாள். ஆணையர் அம்மா அதைப் பார்த்துவிட்டு, ஈடுபாட்டோடு இருக்கிறாள் என்று எல்லாருக்கும் முன்னால் பாராட்டினார். விசிறிக் காற்றில் மறுநாள் கண்டக்டரக்காவுக்குச் சளி பிடித்துக்கொண்டது.

இவ்வளவுக்கும் பிறகு கண்ணாடிக்காரி ஏன் விலகவில்லை என்று கேட்டால், அவளுக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. நாத்தனாரின் முகத்துக்காக என்று கணவரிடம் சொன்னாள். உண்மையில் கண்டக்டரக்காவின் பக்கத்தில் நிற்பதற்காகத்தான் போனாள். உறுதிமொழிக்கு நடுவே அவள் சொல்லும் ஒரு வார்த்தைக்குச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பது அந்த வாரத்தின் மிச்ச நாட்களை ஓட்டப் போதுமானதாக இருந்தது.

பிறகு முகாம் வந்தது. மலையில் மூன்று நாள். தலைநகரிலிருந்து தலைமை ஆணையர் வந்து பார்வையிடுவார், சிறந்த மன்றத்துக்குச் சுழற்கோப்பை தருவார் என்றார்கள். முகாம் அந்தப் பழைய புல்வெளியில்தான் என்று தெரிந்ததும் கண்டக்டரக்காவுக்குத் தலை கால் புரியவில்லை. அவளுக்கு ரத்தக் கொதிப்பு. அவளுடைய மகள் போகவே கூடாது என்று தடுத்தாள். பேக்கரியில் வேலை செய்கிற மகள். அம்மாவைத் தவிர அவளுக்கு வேறு யாரும் இல்லை. கண்ணாடிக்காரிக்கு ஃபோன் செய்து, "நீங்களாவது சொல்லுங்க ஆன்ட்டி," என்றாள். கண்ணாடிக்காரி சொல்லிப் பார்த்தாள். "போனா ஒருவேளை செத்துப்போவேன். போகலன்னா நிச்சயமா செத்துப்போவேன்," என்று கண்டக்டரக்கா சொல்லிவிட்டாள். மாத்திரைகளைக் கண்ணாடிக்காரியின் பையில் போட்டு, வேளாவேளைக்கு ஞாபகப்படுத்தும் பொறுப்பையும் அவள் தலையில் கட்டினாள்.

வாடகைப் பேருந்தில் மலையேறினார்கள். வழியெல்லாம் கண்டக்டரக்கா ஓட்டுநருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஒவ்வொரு வளைவையும் முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வந்தாள். ஓட்டுநர் முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு அவளிடமே வழி கேட்க ஆரம்பித்துவிட்டார்.

புல்வெளியில் கூடாரங்கள் வரிசையாக நின்றன. கூலிக்கு ஆள் வைத்து முந்தைய நாளே போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றின் உள்ளேயும் வெள்ளை விரிப்பு, தலையணை, தலையணைமேல் மடித்த போர்வை. வாசலில் சுண்ணாம்பு அடித்த கூழாங்கற்கள். முகாமின் முகப்பில் மூங்கில் வளைவு, அதில் 'தயாராய் இரு' என்று எழுதிய துணி. கண்டக்டரக்கா பையை இறக்கிக்கொண்டு முதல் கூடாரத்தை நோக்கி நடந்தாள். ஊதல் ஒலித்தது.

கூடாரத்துக்குள் யாரும் போகக்கூடாது என்றார் ஆணையர் அம்மா. விரிப்பில் சுருக்கம் விழுந்துவிடும். தலைமை ஆணையர் பார்வையிட்டு முடித்த பிறகு போகலாம். அவர் நாளைக் காலை வருகிறார். இன்றைக்கு மட்டும் சமையற்கூடத்தை ஒட்டிய கொட்டகையில் அனுசரித்துக்கொள்ள வேண்டும். ஆணையர் அம்மாவே அனுசரித்துக்கொண்டு, பக்கத்து விருந்தினர் மாளிகையில்தான் தங்குகிறார்.

கொட்டகையில் சிமெண்டுத் தரை. பெண்கள் வரிசையாகப் படுத்தார்கள். கதவில்லாத வாசல் வழியாகக் கூடாரங்கள் தெரிந்தன.

மறுநாள் தலைமை ஆணையர் வரவில்லை. வேறொரு திறப்பு விழாவில் மாட்டிக்கொண்டார், அதற்கடுத்த நாள் நிச்சயம் என்று செய்தி வந்தது. ஆணையர் அம்மா அந்த நாளை ஒத்திகைக்கு ஒதுக்கினார். எல்லாரும் அவரவர் கூடாரத்துக்கு வெளியே நின்று, அப்போதுதான் உள்ளிருந்து வந்தது போல் வாசலை விலக்கிப் பாவனை செய்ய வேண்டும்.

"நல்லாத் தூங்கி எழுந்த முகம் வேணும்," என்றார். "இயற்கையோட மடியில தூங்கின முகம். இது என்ன, எல்லாரும் ஏதோ பிளாட்ஃபாரத்துல படுத்து எழுந்த மாதிரி இருக்கீங்க?"

கண்டக்டரக்கா அன்று வேடிக்கையாக எதுவும் சொல்லவில்லை. சாயங்காலம் ஆணையர் அம்மாவிடம் தனியாகப் போய், விரிப்பைத் தொடமாட்டேன், வெறும் தரையில் ஒரு ஓரமாக, அந்த முதல் கூடாரத்தில் படுத்துக்கொள்கிறேன் என்று கேட்டாள். ஆணையர் அம்மா, ஒருத்தருக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள் என்று சொல்லிவிட்டார். நாத்தனாரும் அங்கேதான் நின்றாள். பிறகு அவள் கண்ணாடிக்காரியிடம் வந்து, "ஒரு நாள்தானே அண்ணி, அவங்களக் கொஞ்சம் சமாதானப்படுத்துங்க," என்று கையைப் பிசைந்தாள்.

மூன்றாம் நாள் காலையிலிருந்தே வரிசையில் நிற்க வைத்துவிட்டார்கள். வெயில் சுள்ளென்று இறங்கியது. கார் கீழ் வளைவுக்கு வந்துவிட்டது என்றார்கள். பிறகு அது காய்கறி வண்டி என்றார்கள். மாத்திரை வேளை வந்தது. பை கொட்டகையில் இருந்தது. எடுத்துவரப் போகிறேன் என்று கண்ணாடிக்காரி கேட்டதற்கு, வரிசையில் ஓட்டை விழும், தலைமை ஆணையர் வந்து போகட்டும் என்று ஆணையர் அம்மாவிடமிருந்து பதில் வந்தது. அதையும் மீறி அவள் போனாள். மாத்திரையோடு திரும்பி வந்தபோது கண்டக்டரக்காவின் வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. வலது கண்ணிமை பாதியில் தொங்கியது. எதையோ சொல்ல நாக்கு புரளப் பார்த்தது. அப்படியே மடங்கி, சுண்ணாம்புக் கற்களின்மேல் விழுந்தாள்.

வரிசை கலைந்தது. ஊதல் ஒலித்தது. பாதிப் பேர் திரும்பவும் வரிசைக்குப் போனார்கள்.

அன்றைய நிகழ்ச்சியில் முதலுதவிச் செயல்விளக்கமும் இருந்தது. அதற்கென்று ஒரு குழு. கையில் சிலுவைப் பட்டை கட்டியவர்கள். நோயாளியாக நடிக்க ஒருத்தி நெற்றியில் சிவப்பு மை பூசிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்காரி குழுத் தலைவியிடம் ஓடி, தூக்குப் படுக்கையைக் கேட்டாள். அதற்குப் பூ வைத்துத் தைத்திருக்கிறது, பிரித்தால் மறுபடி தைக்க நேரமில்லை என்றாள் தலைவி. பிறகு இறங்கிய குரலில், தனக்குக் கட்டுப் போட மட்டும்தான் தெரியும், இவளுக்கு எங்கேயும் காயம் இல்லையே என்றாள். அவள் முகமும் வெளுத்துத்தான் இருந்தது.

"முதலுதவி மத்தியானத்துக்கு மேலதானே?" என்றார் ஆணையர் அம்மா. "இப்ப ஏன் இவ்வளவு அவசரம்? முதல்ல நிழல்ல உட்கார வைங்க. வெயில் மயக்கம்தான்."

நிழல் கூடாரத்துக்குள்தான் இருந்தது. பேருந்து ஓட்டுநர் எங்கிருந்தோ ஓடிவந்து கால்களைப் பிடித்தார். கண்ணாடிக்காரி தோளைப் பிடித்தாள். இருவருமாக இழுத்துக்கொண்டு போய் முதல் கூடாரத்துக்குள் வெள்ளை விரிப்பில் கிடத்தினார்கள். பின்னால் ஆணையர் அம்மாவின் குரல் கேட்டது. "செருப்போட போறீங்களே, செருப்போட."

அந்த நேரம் பார்த்துத் தலைமை ஆணையரின் கார் வந்து நின்றது. மூங்கில் வளைவுக்குக் கீழே, பாதையை அடைத்துக்கொண்டு. இறங்கியவர் நேராக முதல் கூடாரத்துக்கு வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். ஒருத்தி கிடக்கிறாள், ஒருத்தி அவள் சட்டையின் கழுத்துப் பொத்தானைக் கழற்றிக்கொண்டு அழுகிறாள், ஒருவர் விசிறுகிறார்.

"அடடா," என்றார் தலைமை ஆணையர். "எத்தனையோ முகாம் பார்த்திருக்கேன். வாய் கோணினது கூட எவ்வளவு தத்ரூபம் பாருங்க."

"அம்மா, இது நிஜம்," என்றாள் கண்ணாடிக்காரி. "உங்க காரைக் குடுங்க. இவங்களைக் கீழே கொண்டு போகணும்."

"வசனமும் நல்லா இருக்கு," என்று சொல்லித் தலைமை ஆணையர் கைதட்டினார். அவர் தட்டியதும் கூட வந்தவர்கள் தட்டினார்கள். அவர்கள் தட்டியதும் வரிசை தட்டியது.

ஆணையர் அம்மா வாயைத் திறந்தார். உண்மையைச் சொல்லத்தான் திறந்திருப்பார் என்று கண்ணாடிக்காரி பின்னால் பலமுறை நினைத்துப் பார்த்தாள். ஆனால் காரின் முன்னிருக்கையில் சுழற்கோப்பை உட்கார்ந்திருந்தது. அது எல்லாருக்கும் தெரிந்தது.

"ரொம்ப நன்றிம்மா," என்றார் ஆணையர் அம்மா. "ரெண்டு மாசமா ஒத்திகை பார்த்தோம்."

கண்ணாடிக்காரி கூட்டத்தில் நாத்தனாரைத் தேடினாள். அவள் உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை. பிறகு அவளும் கை தட்டினாள்.

தலைமை ஆணையர் அங்கேயே நின்று உரையாற்றத் தொடங்கினார். ஆபத்து வரும்போது பதறாமல் நிற்பவளே சாரணி என்றார். இந்த மன்றத்தில் ஒருவர்கூடப் பதறவில்லை என்பதைத் தன் கண்ணால் கண்டதாகவும் சொன்னார். ஓட்டுநர் அதைக் கேட்க நிற்கவில்லை. பேருந்தைக் கிளப்பிக் கொண்டுவந்து ஒலியெழுப்பினார். உரை முடியட்டும், காரை எடுக்கச் சொல்கிறோம் என்று யாரோ கையமர்த்தினார்கள். ஓட்டுநர் கண்டக்டரக்காவைத் தன் தோளில் தூக்கிப் போட்டு வண்டியில் ஏற்றினார். காருக்கும் வளைவின் காலுக்கும் இடையில் இருந்த இடத்தில் வண்டியை விட்டார். இடம் போதவில்லை. மூங்கில் முறிந்து சரிந்தது. 'தயாராய் இரு' வண்டியின் முன்கண்ணாடியில் சுற்றிக்கொண்டது. ஓட்டுநர் ஜன்னல் வழியாகக் கையை விட்டுப் பாதியைக் கிழித்தெறிந்து, மீதியோடு மலையிறங்கினார்.

கண்டக்டரக்கா நீளமான இருக்கையில் கண்ணாடிக்காரியின் மடியில் கிடந்தாள். ஒவ்வொரு வளைவிலும் அவள் இடது கை தானாக எழுந்து மேலே இருந்த கம்பியைத் தேடியது.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றார் மருத்துவர். உயிர் தப்பிவிட்டது. வலப்பக்கம் விழுந்துவிட்டது; பேச்சும் போய்விட்டது. விழுந்தவுடனே கொண்டு வந்திருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும் என்றார். அதற்குக் கண்ணாடிக்காரி என்ன சொல்ல முடியும்? தலைமை ஆணையரின் உரை முடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டோம் என்று சொன்னால் அவருக்கு விளங்காது.

வேலை முடிந்து தினமும் ஆஸ்பத்திரிக்குப் போனாள். மகளிடம் நடந்ததை நடந்தபடி சொன்னாள். மகள் அழவில்லை. மாவு ஒட்டிய விரல்களால் படுக்கை விரிப்பின் விளிம்பை உருவிக்கொண்டே கேட்டுவிட்டு, "கைதட்டினாங்களா?" என்றாள். கண்ணாடிக்காரி ஆமாம் என்றாள்.

சில வாரங்களுக்குப் பின் கண்டக்டரக்காவுக்கு ஒரே ஒரு வார்த்தை திரும்பி வந்தது. வாழ்நாளெல்லாம் சொல்லித் தேய்ந்த வார்த்தை நாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், அறிவைக் கேட்காமல் வெளியே வரும் என்று மருத்துவர் விளக்கினார். அந்த வார்த்தை, 'எறங்கு.' தண்ணீர் வேண்டுமென்றாலும் எறங்கு. முதுகு வலித்தாலும் எறங்கு. மகள் தலை வாரிவிடும்போது நல்லா இருக்கிறது என்பதற்கும் எறங்குதான். எந்த எறங்குக்கு என்ன அர்த்தம் என்று குரலை வைத்துக் கண்டுகொள்ள மகள் பழகியிருந்தாள். அதில் ஒருநாள் அம்மாவும் மகளும் சிரிக்கக்கூடச் செய்தார்கள்.

அந்த நிலையில்தான் மன்றம் நேரில் வந்தது.

சீருடையோடு எல்லாரும் வந்திருந்தார்கள். அது அந்த மாதத்து 'நோயாளர் நலச் சேவை.' முன்னால் சுழற்கோப்பை, பின்னால் பூங்கொத்து, அதற்கும் பின்னால் படம் எடுப்பவர். வார்டில் எழுந்து நிற்க முடிந்தவர்கள் நிற்கலாம் என்றார் ஆணையர் அம்மா. காலில் கட்டுப் போட்ட ஒரு கிழவர் அவசரமாக எழுந்து, உடனே உட்கார்ந்துகொண்டார். ஊசி போட வந்த நர்ஸிடம் இரண்டே நிமிடம் என்று கேட்டுக்கொண்டார்கள். கண்டக்டரக்காவின் மடியில் கோப்பையை வைத்தார்கள். மகளையும் கண்ணாடிக்காரியையும் படத்தில் விழாதபடி கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்கள்.

"இயக்கத்துக்காகத் தன் உடம்பையே குடுத்தவங்க இவங்க," என்று ஆணையர் அம்மா வார்டைப் பார்த்துப் பேசினார். "செயல்விளக்கம்னா இப்படி இருக்கணும்னு நாட்டுக்கே காட்டினாங்க. நிஜமா வந்துடுச்சேன்னு நாம வருத்தப்படக் கூடாது. நடிப்புக்கும் நிஜத்துக்கும் வித்தியாசமே இல்லாத அளவுக்கு நம்ம பயிற்சி இருந்திருக்குன்னு பெருமைதான் படணும்."

பேசி முடித்துக் கண்கலங்கினார். நிஜமாகவே கலங்கினார், அதுதான் கண்ணாடிக்காரியால் தாங்க முடியாததாக இருந்தது. பிறகு சாரணியர் வழக்கப்படி இடது கையை நீட்டினார். சாரணியர் கை குலுக்குவது இடது கையால்தான், அது இதயத்துக்குப் பக்கம் என்பார்கள். கண்டக்டரக்காவுக்கு மிஞ்சியிருந்ததும் அந்தக் கைதான். அவள் ஆணையர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை. வார்டின் கடைசிக் கட்டில் வரைக்கும் கேட்கிற குரலில், ஓடும் வண்டியில் தகராறு செய்தவனைக் கதவுப் பக்கம் தள்ளுகிற குரலில், சொன்னாள்.

"எறங்கு."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆணையர் அம்மாவின் முகம் ஒரு கணம் வெறுமையாக இருந்தது. பிறகு மெல்ல மலர்ந்தது.

"கேட்டீங்களா?" என்று எல்லாரையும் திரும்பிப் பார்த்தார். "இயக்கம்னு சொல்றாங்க. பேச்சே போன பிறகும் இயக்கத்த மறக்கல பாருங்க."

"இயக்கம்னு சொல்லல," என்றாள் கண்ணாடிக்காரி. மன்றத்தில் சேர்ந்த நாளிலிருந்து அவள் குரல் அவ்வளவு சத்தமாக வந்ததில்லை. "எறங்குன்னு சொல்றாங்க. உங்களத்தான் சொல்றாங்க."

ஆணையர் அம்மா அவளைப் பரிவோடு பார்த்தார். பாவம், துக்கத்தில் காது சரியாகக் கேட்கவில்லை என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தன் கையை விடுவித்துக்கொண்டார். படம் எடுத்தார்கள். கோப்பையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். உறுப்பினர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். முதலுதவிக் குழுத் தலைவி மட்டும் கட்டிலருகே தயங்கி நின்று, கண்டக்டரக்காவின் கால்பக்கம் விலகியிருந்த போர்வையை இழுத்துவிட்டுப் போனாள்.

நாத்தனார் நடைகூடத்தில் சுவரோடு சாய்ந்து நின்று அறிக்கைக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்காரி வெளியே வந்தபோது நிமிர்ந்து பார்த்தாள். உடனே குனிந்துகொண்டாள்.

"அண்ணி," என்றாள், காகிதத்தைப் பார்த்தபடியே. "எனக்கும் எறங்குன்னுதான் கேட்டுச்சு."

"அப்ப என்ன எழுதின?"

கீழேயிருந்து ஊதல் சத்தம் வந்தது.

"இயக்கம்னு எழுதிட்டேன்," என்றாள். காகிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டு, படிகளில் வேகவேகமாக ஓடினாள்.

கண்ணாடிக்காரி வார்டுக்குள் திரும்பி வந்தாள். நர்ஸ் ஊசியைப் போட்டுவிட்டுப் போயிருந்தாள். மகள் பூங்கொத்தின் கண்ணாடிக் காகிதத்தைப் பிரித்துக் குப்பைக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்காரி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கழுத்தைச் சுற்றியிருந்த மன்றத்துத் துணியின் முடிச்சை அவிழ்த்தாள். அது லேசில் அவிழவில்லை. பற்களை வைத்துக் கடித்து இழுக்க வேண்டியிருந்தது. கண்டக்டரக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எறங்கு," என்றாள், மெதுவாக.

"எறங்கிட்டேன்க்கா," என்றாள் கண்ணாடிக்காரி.